என் மரண அறிவித்தலைத் திருத்துவது பற்றி

கொட்டாஞ்சேனை,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய முகாமையாளர் முர்ஷித் தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை உங்கள் கம்பனியின் கணினியால் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட அன்னபூரணம் முத்துலிங்கம், அம்மாளாச்சி புண்ணியத்தில் உயிருடன் இருந்து எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும்.

உங்கள் பம்பலப்பிட்டி ஒஃபிசில், செத்தவீடு நடத்திக் கொடுக்கும் மலர்ச்சாலைக்காரருக்கு மரண அறிவித்தல் அனுப்பும் வெப்சைட்டைச் செய்தவன் என் பேரன் தனுஷன். சோதித்துப் பார்க்க ஒரு செத்தவர் தேவைப்பட்டது. ஊரான் பெற்ற பிள்ளையின் பெயரை ஏன் போடுவான் என்று நான்தான் என் பெயரையும் படத்தையும் சொந்தக்காரர் நூற்றுப்பன்னிரண்டு பேரின் போன் நம்பரையும் கொடுத்தேன். நீங்கள் புதுக் கம்ப்யூட்டர் கொடுத்தீர்களே, பழையதில் இருந்த செட்டிங்ஸ் அதற்குத் தானாக வராதாம். பாஸ்வேர்ட் எல்லாம் அதில் கிடப்பதால் மற்ற வேலையோடு சேர்த்து வைக்கவும் கூடாதாம். ஆகவே அவற்றைத் தாளில் எழுதி வைத்திருந்தான். அவன் கண்ணாடியோ பஸ் நெரிசலில் உடைந்துபோயிற்று. ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் அந்த வகுப்பில் முதலாம் பிள்ளை நான், ஆனபடியால் நான் வாசிக்க, அவன் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அடித்தான்.

அது விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் "இல்லை" என்று ஒருவரும் சொல்லமாட்டோம், அரிசி முடிந்தாலும் நிறைஞ்சு போச்சு என்போம். தாளின் ஏழாவது வரியில் "உண்மையாக அனுப்புவதா: இல்லை" என்றிருந்தது. நான் அதை மாற்றி "ஓம்" என்று வாசித்தேன்.

"வடிவாப் பாத்தனீங்களோ அம்மம்மா?"

"எனக்கு வாசிக்கப் பழக்க வாறியோ? போடடா ஓம் எண்டு."

போட்டான். பத்து நிமிஷத்தில் தெமட்டகொடை மச்சாள் போன் எடுத்து, "சவம் வீட்டிலயோ, மலர்ச்சாலையிலயோ?" என்று கேட்டா. "வீட்டிலதான், தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றேன். அவ இப்போது பிரஷர் கூடி வார்ட்டில். மறுநாள் வவுனியாவிலிருந்து வான் பிடித்து வந்த பதினாலு பேரும் என்னைக் கண்டு சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. "இவ்வளவு தூரம் வந்தனாங்கள்" என்று ஒருத்தர் பெருமூச்சு விட்டார். என் செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு நானே சோறு சமைத்தேன்.

இப்போது தனுஷனை வேலையால் நிறுத்தப் போகிறீர்களாம். செத்தவரே கையெழுத்து வைத்துத் தந்தால் திருத்தம் அனுப்பலாம், பிள்ளையையும் மன்னிக்கலாம் என்று மலர்ச்சாலை முதலாளி சொன்னாராம். தகப்பன் இல்லாத பிள்ளை, அவன் உழைப்பில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. பிழை என் வாயில், அவன் கையில் இல்லை. இன்றைக்கே திருத்தத்தை அனுப்பி அவனை வேலையில் வைத்திருங்கள்.

சோதனைக்குக்கூட உங்கள் பெயர் அந்த வெப்சைட்டில் ஏறாமல் நீங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உயிருடன் உள்ள,
~~அன்னபூரணம் முத்துலிங்கம்~~

பிற்குறிப்பு: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். லண்டனிலிருந்து என் மூத்தவன் கார்த்திகன், தான் வருமட்டும் எரிக்க வேண்டாம் என்று போனில் தனுஷனிடம் அழுதானாம். பதினொரு வருஷமாக வராதவன், வியாழக்கிழமை வந்து இறங்குகிறான். உண்மையைச் சொன்னால் டிக்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவான், அவனை நான் அறிவேன். தனுஷனிடம் கேட்டேன். "வேலை போனாப் போகட்டும் அம்மம்மா, மாமா வரட்டும்" என்கிறான். ஆகவே வியாழன் வருமட்டும் ஒன்றும் அனுப்ப வேண்டாம். மேலே வைத்த கையெழுத்தை வெட்டிவிட்டேன்.