பவளத்தீவில் நான் அடைத்த பன்னிரண்டு வளைகள்

நல்லது செய்கிறோம் என்ற முழு நிச்சயத்தோடு செய்த காரியத்தில் மாட்டிக்கொள்வதைப் போல ஓர் அவமானம் உலகத்தில் கிடையாது. திருடனுக்காவது தான் திருடன் என்று தெரியும். எனக்கு அந்த வசதியும் இல்லை.

தம்பி செல்வம் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆஸ்திரேலியா போன மூன்றாம் வருடம், கோடை விடுமுறைக்கு எங்களை டிக்கெட் எடுத்து வரவழைத்தான். நான், என் கணவர், பதினொரு வயது மகள் நித்யா. அங்கிருந்து ஒரு பவளத்தீவுக்குப் படகில் கூட்டிப்போனான். "சொர்க்கம்க்கா. ஆமை, மீனு, பறவை எல்லாம் பக்கத்துலயே வரும்" என்றான். நித்யா ஒரு மாதமாகப் பறவைப் படம் வரைந்து நோட்டை நிரப்பியிருந்தாள். (நானும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். மாத்திரைப் பட்டியல்.)

படகை விட்டு இறங்கியதுமே ஒரு மேடு இருக்கிறதா என்று தேடினேன். தீவு என்று அவன் சொன்னது ஒரு மணல்திட்டு. அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். நாலு பக்கமும் கடல். கரை கட்டவில்லை, மதகு இல்லை.

"தண்ணி ஏறினா எங்க போறது?"

"ஏறாது" என்றார் என் கணவர். வங்கியில் வேலை பார்க்கிறவர். தண்ணீரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவும் அம்மாவும் திருவையாற்றுப் பக்கம் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். பள்ளிக்கூடம் போகுமுன் வரப்பில் நடந்து நண்டு வளைகளை அடைப்பது என் பொறுப்பு. ஒரு வளையை விட்டால் விடிவதற்குள் வயல் வடிந்துவிடும். ஆற்றங்கரையில் விட்டால் கரையே உடைப்பெடுக்கும். மண்ணைத் திணித்து, குதிகாலால் நாலு மிதி. பிறகு நான் எம்.ஏ., பி.எட். முடித்துத் தஞ்சாவூரில் ஆசிரியை ஆனேன். குதிகால் மட்டும் படிக்கவில்லை.

மறுநாள் காலை நித்யாவும் செல்வமும் முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலில் குப்புற மிதந்தார்கள். கணவர் தூங்கினார். அவளைக் கண்ணால் காவல் காத்தபடி கரையோரம் நடந்தேன். மரங்களுக்கடியில், மணல் சரிவில், வளைகள். ஒன்றிரண்டல்ல. ஒவ்வொன்றிலும் என் கை தோள் வரை போகும். இந்த அளவு வளை தோண்டுகிற நண்டு எந்த அளவு இருக்கும் என்று கையை விரித்து அளந்து பார்த்தேன். அலையோ பத்தடியில். என் பிள்ளை இந்தத் திட்டின் மேல்தான் இன்னும் இரண்டு நாள் படுத்துத் தூங்கப்போகிறாள். இத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள், ஒருவருக்காவது இதைக் கவனிக்கத் தோன்றவில்லையே என்று ஆத்திரம் வந்தது.

பன்னிரண்டு அடைத்தேன். செத்த பவளத் துண்டு, இலை, ஈர மணல், அதன் மேல் மிதி. நேர்த்தியான வேலை. அப்பா பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அவரிடம் அதுதான் பாராட்டு.

மதியச் சாப்பாட்டின் நடுவே, காக்கி அரைக்கால் சட்டை போட்ட தீவுப் பாதுகாவலர் பெண் வந்து நின்று ஏதோ சொன்னாள். வேகமான இங்கிலீஷ். எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"என்னடா?"

செல்வம் தட்டைப் பார்த்தபடி சொன்னான். "அந்த வளையெல்லாம் ஒரு கடல் பறவையோட கூடாம்க்கா. குஞ்சு உள்ள இருக்காம். யாரோ அடைச்சிட்டாங்களாம். ரொம்ப பலமான குதிகால் உள்ள ஆள்னு சொல்றாங்க."

நித்யா குனிந்து மேஜைக்கடியில் பார்த்தாள். "அம்மா" என்றாள், மெதுவாக. "உன் கால்ல மண்ணு."

நான் கேட்கிறேன், பறவை என்றால் மரத்தில்தானே இருக்க வேண்டும்? மரம் இல்லாத இடமா அது? வேறொரு ஜாதிப் பறவை கிளைக்கு ஐம்பதாக உட்கார்ந்து முதல் நாளே என் புடவையைப் பாழாக்கியிருந்தது. இது மட்டும் நண்டு போல மண்ணுக்குள் போய்க் குடியிருந்தால், அதற்கு நானா பொறுப்பு? ஒரு போர்டு வைக்கக் கூடாதா? (வைத்திருந்தார்கள். பறவைப் படத்தோடு. நான் வளையைத்தான் பார்த்தேன்.)

ஆனால் பேச நேரமில்லை. உள்ளே குஞ்சுகள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. நான் அடைத்த அத்தனை அடைப்பையும் என்னைத் தவிர யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எழுந்து கையைத் தூக்கினேன். என் வகுப்பில் பின்பெஞ்சுப் பிள்ளைகள் தூக்குவது போல, பாதி வரை.

வெயிலில் மண்டியிட்டுத் தோண்டினோம். பதினொன்றைத் திறந்துவிட்டோம், பதினொன்றிலும் உயிர் இருந்தது. பாதுகாவலர் பெண் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சரிவில் இனி எதுவும் தென்படவில்லை, அவ்வளவுதான் போலிருக்கிறது என்றாள்.

"இன்னும் ஒண்ணு" என்றேன்.

கணவர் காதருகே வந்தார். "அவங்களே முடிஞ்சதுன்னுட்டாங்க. நீ ஏம்மா கூட ஒண்ணைச் சேக்கிற?"

"பன்னெண்டு அடைச்சேங்க."

நித்யா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலையில் நடந்த வழியிலேயே மறுபடி நடந்தேன், குதிகாலை ஊன்றி ஊன்றி. எங்கும் மணல் புதைந்தது. ஓரிடத்தில் புதையவில்லை. குத்துக்கல் போல இறுகியிருந்தது. என் வேலைதான், சந்தேகமே இல்லை.

இரண்டு கையாலும் பிய்த்தெறிந்தேன். தோள் வரை கையை விட்டேன். சத்தமில்லை. அசைவில்லை. பிறகு ஆள்காட்டி விரலில் நறுக்கென்று ஒரு கடி.

"கடிக்குது" என்றேன். "நல்லா கடிக்குது."

கையை எடுக்க மனம் வரவில்லை. இன்னொரு தடவையும் கடித்தது. உள்ளேயிருந்து பச்சைக் குழந்தை போல ஓர் அழுகை வந்தது. நித்யா என் முதுகில் விழுந்து கட்டிக்கொண்டாள்.

அபராதம் போடவில்லை. மீதி இரண்டு நாளும் நான் எங்கே நடந்தாலும் கூடவே ஓர் ஆளை அனுப்பினார்கள். பறவைகளுக்குப் பாதுகாப்பாம். என்னிடமிருந்து.

இப்போது நித்யாவுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்ததைப் பார்த்து, சாத்துவோம் என்று கையை வைத்தேன். உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் குரல், மிகுந்த மரியாதையோடு வந்தது.

"அத்தை, உள்ள ஆள் இருக்கு. அடைச்சிடாதீங்க."