கனூட் மன்னனும் காட்டுவிளை வாளியும்

வாழ்க ஜாஸ்பர்! ரப்பர்மர நிழல் படர்ந்த காட்டுவிளைச் சந்திப்பில் நகலெடுக்கும் பொறி ஒன்றையே தேராகவும், லேமினேஷன் சூட்டையே படைக்கலமாகவும் கொண்டு நின்ற பெருவீரன் வாழ்க! மின்சாரம் போன நாளிலும் கடையடைக்காத திண்ணெஞ்சன், கேரள எல்லையான களியக்காவிளைக்கு இப்புறத்தாரும் அப்புறத்தாரும் இருமொழியில் வந்து பேரம் பேசினாலும் ஒரே புன்னகையால் இருவரையும் வெல்பவன், ஷைஜா என்னும் நல்லாளின் கணவன், சபையின் வாலிபர் சங்கத்தில் வாலிபம் கடந்தும் விலகாத நிலையுறுதியன் ஆகிய அவனுடைய போரை யாம் பாடப் புகுந்தோம். ஆலய முற்றத்து வேப்பமரக் கிளையில் கட்டப்பட்டிருக்கும் ஒலிபெருக்கியே, கரகரக்காமல் எமக்குத் துணை நில்!

ஆண்டுவிழா மேடையில் இவ்வீரன் இதுகாறும் ஏற்ற வேடங்களைக் கேளீர். நோவாவின் பேழையில் கழுதையாக ஏறினான். யோனாவை விழுங்கிய பெருமீனின் வால்பகுதியாக வளைந்தான். கள்ளர் கையில் அடிபட்டுக் குற்றுயிராய் வழியோரம் கிடந்தவனாகவும் கிடந்தான். ஆனால் நல்ல சமாரியன் வந்து சேருமுன்னரே செவ்வெறும்பொன்று அவனை வந்து சேர்ந்தமையால், குற்றுயிர் முழுவுயிராகி எழுந்து மேடையைவிட்டு ஓடிற்று. அன்று தொடங்கிய சிரிப்பு அடங்கவேயில்லை. ஜாஸ்பர் மேடையேறினால் போதும், வாய் திறக்குமுன்னே முற்றம் சிரித்துவிடும். பெண்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஷைஜாவும், ஊரோடு ஒத்துப்போக வேண்டுமே என்று, தலையைக் குனிந்துகொண்டு கொஞ்சம் சிரிப்பாள். மேடையிலிருந்து அவன் அதைப் பார்த்துவிடுவான். அது அவனுக்கு நிஜமாகவே வலித்தது.

இந்த ஆண்டோ மன்னனின் மணிமுடியே அவனைத் தேடி வந்தது. வாலிபர் சங்கச் செயலாளனும், நாடகம் எழுதுவோனும், எழுதியதை இயக்குவோனும், இயக்கியதை ஒலிபெருக்கியில் தானே பாராட்டுவோனுமாகிய எபிசன், வேதாகமத்து மன்னர்களையெல்லாம் ஆடித் தீர்த்துவிட்டபடியால், சில ஆண்டுகளாக இங்கிலாந்தின் பழைய மன்னர்கள்மேல் படையெடுத்து வந்தான். இம்முறை அவன் கையில் சிக்கியவன், டென்மார்க்கிலிருந்து கடல் கடந்து போய் இங்கிலாந்தை ஆண்ட கனூட் மன்னன். கடற்கரையில் அரியணையிட்டு அமர்ந்து, அலையே நில் என்று ஆணவத்தோடு ஆணையிட்டு, அலையால் நனைந்து அவமானப்பட்டவன் என்று எபிசன் எழுதினான். பெண்கள் ஐக்கிய சங்கத்தாரின் நீலச்சேலைகளை ஒன்றோடொன்று தைத்து, சங்கத் தலைவி சுபிதாவின் தலைமையில் அப்பெண்டிர் இருமருங்கும் நின்று ஆட்ட, அதுவே சமுத்திரம். அலை உச்சிக்கு வரும் கணத்தில், திரைமறைவிலிருந்து எலக்ட்ரீசியன் டெல்வின் ஒரு வாளித் தண்ணீரை மன்னன் தலையில் கவிழ்ப்பான். அந்த வாளி யாதெனில், அசன விருந்தில் சபையார் அனைவருக்கும் ஆட்டுக்கறி விளம்பும் வாளி. எத்தனை தடவை கழுவினாலும் அதில் மசாலா மணம் போவதில்லை.

முடி தரித்தும் சிரிப்புக்கு ஆளாவதோ என்று ஜாஸ்பர் உள்ளம் கொதித்தான். போதாக்குறைக்கு அவ்வாண்டு விழாவுக்கு மாமியார் பூங்கனியம்மாள் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். எறும்புக்கு அஞ்சி ஓடிய மருமகனின் கதையைக் கேள்வியால் மட்டுமே அறிந்தவள் அவள். இம்முறை கண்ணாலேயே காண்பாள்; கறிமணம் கமழ நனைந்து நிற்கும் மருமகனைக் கண்டு, அதை அடுத்த கிறிஸ்துமஸ் வரை சொல்லித் திரிவாள். ஒரே ஒரு தடவை, ஷைஜா தலை குனியாமல் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதே வீரனின் வேண்டுதல்.

ஆகவே, கடையில் ஆளில்லாத ஒரு பகற்பொழுதில், கைப்பேசி என்னும் கையடக்கக் கருவூலத்தைத் திறந்து கனூட் மன்னனைத் தேடினான். தேடியவனுக்குப் புதையல் கிடைத்தது. பழைய ஏட்டிலுள்ள மன்னன் ஆணவக்காரனே அல்லன். நீங்கள் சொன்னால் கடலும் கேட்கும் என்று துதிபாடிய அரண்மனைக் கூட்டத்துக்குப் புத்தி புகட்டவே, வேண்டுமென்று கரையில் போய் அமர்ந்து, காலை நனைத்த அலையைக் காட்டி, மன்னர்களின் வல்லமை வெறும் கூடு, கடவுள் ஒருவரே அரசர் என்று அறிவித்து, பொன்முடியைக் கழற்றிச் சிலுவையில் சூட்டி, அதன்பின் ஒருநாளும் அதைத் தலையில் வைக்காதவன். இதைப் படித்த ஜாஸ்பர் எழுந்து நின்றான். ஆதார் அட்டையை நகலெடுக்க வந்த ஒருவர், பொறி பழுதோ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்று மாலையே ஒத்திகைக் களத்தில் போர் மூண்டது.

"மக்கா, உள்ள கத நீ எழுதினது இல்ல. ராஜாவுக்கு அகங்காரமே கெடையாது. கூட நின்ன ஜால்றாக்களுக்கு புத்தி வரட்டும்னு வேணும்னுதான் போயி இருந்தாரு" என்று ஜாஸ்பர் முழங்கினான்.

"ஏலே, சரித்திரம் படிக்க காலேஜ் உண்டு. இங்க ஆளு வாறது நீ நனையதப் பாக்கதுக்கு" என்று எபிசன் பதில் முழங்கினான்.

அதன்பின் இரு பெருவீரரும் மாண்டுபோன மன்னர்களையெல்லாம் கல்லறைகளிலிருந்து எழுப்பித் தத்தம் படையில் சேர்த்துக்கொண்டு மோதிய மோதலை என்னென்று உரைப்போம்! முந்தின ஆண்டு நாடகத்தில் ஜான் மன்னன் மயிலிறகுப் பேனாவால் உரிமைச் சாசனத்தில் கையெழுத்திட்டானே, மெய்யான ஜான் அரக்கில் முத்திரைதானே பதிப்பித்தான் என்று ஜாஸ்பர் முதற்கணை தொடுத்தான். முத்திரை குத்துவதைப் பார்க்க ஊர் வருமானால் தாலுகா ஆபீஸுக்குப் போகட்டும், மேடையில் பேனாதான் எடுபடும் என்று எபிசன் அதை முறித்தான். அதற்கும் முந்தின ஆண்டு முதுகில் தலையணை கட்டிக் கூனனாக்கிய மூன்றாம் ரிச்சர்டை ஜாஸ்பர் இழுத்தான். அவனுடைய எலும்புக்கூடு ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்ததையும், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்ததேயன்றி நாடகத்துக் கூன் இல்லாததையும், கைப்பேசியை உயர்த்திக் காட்டி அறைந்தான். கார் நிறுத்துமிடத்தில் ஆரும் எட்டிப் பாராமல் கிடந்தவனை இத்தனை காலம் மறக்காமல் வைத்திருந்தது அந்தக் கூன்தான் என்று எபிசன் திருப்பி அறைந்தான். சிங்கநெஞ்சன் என்று புகழப்படும் ரிச்சர்ட் இங்கிலாந்தில் தங்கியதே சொற்பம், பேசியதும் பிரெஞ்சு என்றான் ஒருவன். அப்படியானால் அவனும் வளைகுடாக்காரனைப்போல லீவுக்கு வந்து போயிருக்கிறான், அதில் என்ன குறை என்றான் மற்றவன். சமுத்திரத்தைப் பிடித்தபடி நின்ற பெண்டிருக்குக் கை கடுத்தது. வீட்டில் அரிசி ஊறுகிறது என்று சொல்லிக் கடலைச் சுருட்டி வைத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

கடலே எழுந்துபோன பிறகு கரையில் போரிட்டென்ன பயன்? நடுவர் ஒருவர் தேவைப்பட்டார். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் சரித்திரம் கற்பிப்பவளும், ஷைஜாவின் தங்கையுமாகிய பிரீனா, விழாவுக்காகத் தாயோடு முன்கூட்டியே வந்திருந்தாள். தன் கொழுந்தி, தன் வீட்டுச் சோறு, தன் பக்கத்துச் சரித்திரம் என்று எண்ணிய ஜாஸ்பர், எபிசனையும் அழைத்துக்கொண்டு வந்து, வெற்றிவாகை இப்போதே தலையிலிருப்பவனைப்போல அவள் முன் நின்றான்.

அவளோ சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே, "அத்தான், அந்தக் கதைய மொதல்ல எழுதி வச்சதே ராஜா செத்து நூறு வருசம் போல கழிஞ்சுதான். அவரு கடக்கரைக்குப் போனாரான்னே ஆருக்கும் உறுதியாத் தெரியாது" என்றாள்.

அந்தோ! சரித்திரம் என்னும் வாளை உருவியவன் கையையே அது அறுத்தது. ஆணவ மன்னனும் போனான், அடக்க மன்னனும் போனான். மெய்யை மட்டும் ஆடுவதென்றால் நாற்காலியையும் கடலையும் எடுத்துவிட்டு வெறும் மேடையைத்தான் காட்ட வேண்டும். எபிசனுக்கும் அது உவப்பாயில்லை. வாளியில்லாத நாடகத்தைவிட நாடகமில்லாத வாளி அவனுக்கு இன்னும் மோசம். ஜாஸ்பர் தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டான். இரண்டுமே ஒருவன் சொன்ன கதைதான் என்றால், எனக்கு நல்லவனாக வருகிற கதையைத் தா என்றான். எபிசன் அவன் முகத்தைப் பார்த்தான், ஆகட்டும் என்றான். வாளி இல்லையென்று உடன்படிக்கையாயிற்று. பிரீனா சுட்ட சப்பாத்தியை இருவரும் பங்கிட்டுத் தின்றார்கள்.

ஆனால் இயக்குநர் நெஞ்சம் யாரே அறிவார்! சிரிப்பில்லாமல் திரை விழுந்தால் தன் புகழ் என்னாவது என்று கலங்கிய எபிசன், விழாவன்று அசனச்சோறு உண்டு கைகழுவும் இடத்தில் டெல்வினைத் தனியே இழுத்து, "அவன் எந்திரிக்கதுக்கு முன்ன ஊத்திரு" என்று காதில் ஓதினான். டெல்வின் வாளியை நிறைத்துத் திரைமறைவில் கொண்டுபோய் வைத்தான்.

பொழுது சாய்ந்தது. முற்றம் நிறைந்தது. போதகரும் பூங்கனியம்மாளும் முன்வரிசையில் அமர, ஷைஜா தாயின் அருகே அமர்ந்தாள். ஜன்னல் திரையைப் போர்வையாகவும் பொற்காகிதத்தை முடியாகவும் அணிந்து ஜாஸ்பர் மேடையேறினான். வழக்கம்போலச் சிரிப்பு எழுந்தது. அவன் நிமிர்ந்தே நடந்து அரியணையில் அமர்ந்தான். பெண்டிர் சமுத்திரத்தை ஆட்டினர். நீலம் எழுந்தது, விழுந்தது, மீண்டும் எழுந்தது. டெல்வின் வாளியைத் தூக்கினான். அது கண்ணில் பட்ட மாத்திரத்தில் வீரனுக்குத் தெரிந்துவிட்டது. ஓடவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. எழுத்தில் இருந்ததற்கு முன்பாகவே எழுந்து, முடியைக் கழற்றி இரு கையிலும் ஏந்தி, முகத்தை வானத்துக்கு உயர்த்தி, உள்ளே கிடந்த அத்தனை ஆண்டு வலியும் தொண்டைக்கு வர, நடுங்கும் குரலில் கூவினான்:

"வானமும் பூமியும் சமுத்திரமும் உமக்கே கீழ்ப்படிகின்றன, ஆண்டவரே! மண்ணான இந்தத் தலைக்குக் கிரீடம் எதற்கு, ஆண்டவரே!"

கூவியது நடிகன்தான். ஆனால் பிறந்தது முதல் ஞாயிறு தவறாத ஒரு சபையின் காதில், உயர்த்திய முகத்தோடும் நடுங்கும் குரலோடும் ஆண்டவரே என்ற சொல் விழுந்தால், அதற்குப் பெயர் ஜெபம். பூங்கனியம்மாள் முதலில் முக்காடிட்டுக் கண்ணை மூடினாள். காற்று பட்ட நாஞ்சில் நாட்டு வயலைப்போல வரிசை வரிசையாகத் தலைகள் கவிழ்ந்தன. சமுத்திரத்தைப் பிடித்திருந்த பெண்டிருக்கும் முக்காடிட வேண்டியிருந்தது. கை வேண்டுமே, ஆகவே சமுத்திரத்தைக் கீழே போட்டார்கள். டெல்வினுக்குக் கைகூப்ப வேண்டியிருந்தது. வாளியை ஓசைப்படாமல் கீழே வைத்தான். ஊத்திரு என்று சைகை காட்டிக்கொண்டிருந்த எபிசனின் கையும் தானாகவே மற்றக் கையோடு போய்ச் சேர்ந்தது. எந்த நாடகத்திலும் எந்த ஏட்டிலும் நடவாதது காட்டுவிளையில் நடந்தது. மன்னன் சொன்னான், கடல் அடங்கிக் கிடந்தது.

அந்தப் பேரமைதியில் ஜாஸ்பர் தனியே நடந்து, மேடையோரத்து மரச்சிலுவையில் கிரீடத்தைச் சூட்டினான். வாழ்நாளில் அவன் செய்த மிக அழகிய செயல் அதுதான். செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். முற்றம் முழுக்க மூடிய கண்கள். போதகர் ஆமென் என்றார். சபையும் ஆமென் என்றது. ஜெபத்தோடு கூட்டம் முடிவதே வழக்கமாகையால் எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடினார்கள். நாடகம் முடியவில்லை, முடியவில்லை என்று எபிசன் ஒலிபெருக்கியில் கதறக் கதற, வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போயின.

வீடு திரும்பியதும் பூங்கனியம்மாள் காலை நீட்டி அமர்ந்து தன் தீர்ப்பை அறிவித்தாள். "ஜெபம் நல்லாயிருந்துது. நீளமும் கொறவு" என்றாள், நாடகம் எப்போது என்றும் கேட்டாள். சிரிப்பிலிருந்து தப்பிய வீரன் சிரிப்பைவிடக் கொடிய ஒன்றில் வீழ்ந்தான். அவன் கிரீடம் சூட்டியதை யாரும் பார்க்கவில்லை. அடுக்களைப் படியில் போய், இன்னும் ஜன்னல் திரையைக் களையாமல், உட்கார்ந்தான். ஷைஜா வந்து அருகே உட்கார்ந்தாள்.

"நான் கண்ண அடைக்கல்ல" என்றாள்.

ஜாஸ்பர் அவளைப் பார்த்தான். கிரீடத்தை வைத்ததைப் பார்த்தாயா என்று கேட்டான்.

"பாத்தேன். இத்திரி சரிஞ்சு இருந்துது" என்று இரு விரலால் அந்தச் சிறு அளவைக் காட்டினாள்.

பிறகு ஜாஸ்பர் எழுந்து போய் இரண்டு பேருக்கும் பால் விடாத கட்டன்சாயா போட்டான்.