பதினாறு கோர் மாப்பிள்ளை

ஐந்தாவது விர்ச்சுவல் மெஷினை எழுப்பியதும் கணினி பேச்சுமூச்சில்லாமல் நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரே கணினிக்குள் இப்படி ஆறு மெய்நிகர் கணினிகளைக் குடிவைத்து, ஆறும் சேர்ந்து ஓடுவதை, திங்கட்கிழமை காலை வீட்டிலிருந்தபடியே அலுவலகத் தேர்வில் காட்டியாக வேண்டும். அவர் வேலை பார்த்த பிரிவை மூடுகிறார்கள். தேறினால் புதுப் பிரிவு, தேறாவிட்டால் வேலை இல்லை. இது மனைவிக்குத் தெரியாது.

தெரியாமல் வைத்திருப்பதும் லேசுப்பட்ட காரியமாக இல்லை. பத்து நாளாக மாமியார் வேறு கைப்பேசியும் கையுமாக முன்னறையில் உட்கார்ந்திருந்தார். வங்கியில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே என்ன வேலை என்று மாப்பிள்ளை ஒருநாளும் கேட்டதில்லை. பணம் எண்ணியிருப்பார் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார்.

மனம்விட்டுப் பேச அவருக்கு இருந்த ஒரே இடம், இணையத்தில் ஒரு கணினி மன்றம். அங்கே ‘கறார்’ என்ற பெயரில் ஒருவர் எல்லோரையும் வறுத்தெடுப்பார். எந்த பிராசசர் வாங்கலாம் என்று மாப்பிள்ளை கேட்டதற்குக் கறார் எழுதினார்: “பிராசசரைத் தொடாதீர்கள், தம்பி. மெமரியைக் கூட்டுங்கள், போதும்.”

இவ்வளவு பெரிய நோவுக்கு இவ்வளவு சின்ன மருந்தா? மாப்பிள்ளைக்கு மனசு ஒப்பவில்லை. அலுவலக நண்பர் சொன்னபடி பதினாறு கோர், அதாவது பதினாறு மூளை கொண்ட பிராசசர் ஒன்றை வாங்கி, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

“என்ன மாப்பிள்ளை, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறீங்க?”

“வாயு, அத்தை.”

அந்த பிராசசர் பழைய மதர்போர்டில் உட்காரவில்லை. சனிக்கிழமை புது போர்டு வாங்கினார். அந்தப் போர்டு கணினிப் பெட்டிக்குள் நுழையவில்லை. மன்றத்தில் போய்ப் புலம்பினார்.

“எல்லாவற்றையும் வெளியே பரப்பி மாட்டிப் பார்க்கலாமென்றால் வழியில்லை, ஐயா. மாமியார் வந்திருக்கிறார். அவருக்கு இருப்பது கண் இல்லை, பூதக்கண்ணாடி.”

“அவர் பார்த்தால் என்ன ஆகிவிடும்?” என்று கேட்டார் கறார்.

“மனைவி காதுக்குப் போய்விடும். வேலை போகப்போகிறது என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?”

வாய்க்கு வாய் பதில் கொடுக்கும் கறார், அதற்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

ஞாயிறு மதியம் அதிர்ஷ்டம் அடித்தது. வெயில் என்றால் வாசலைக்கூட எட்டிப் பார்க்காத மாமியார், கடைக்குப் போகணும் என்று மகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை கதவைச் சாத்தினார். சாப்பாட்டு மேசை முழுக்கச் சாமான்களைப் பரப்பி, ஒவ்வொன்றாக மாட்டி, சாமியை வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. பழைய பவர் சப்ளை புது பிராசசரின் பசிக்கு ஈடுகொடுக்கவில்லை. இப்போது புதுக் கணினியும் இல்லை, பழையதும் இல்லை.

மாப்பிள்ளை மன்றத்தைத் திறந்தார். “எல்லாம் முடிந்தது, ஐயா. நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தேர்வு,” என்று கைப்பேசியில் தட்டினார்.

பதில் உடனே வந்தது. “பழைய பிராசசர் பத்திரமாக இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“அதன்மேல் கை வைக்காதீர்கள்.”

அதோடு கறார் காணாமல் போனார். அரைமணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. மாப்பிள்ளை மேசைமேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டுக் கதவைத் திறந்தார். மாமியார் மட்டும் நின்றிருந்தார். மகள் கீழே பக்கத்து வீட்டம்மாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் உள்ளே வந்து, போர்வையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ரெண்டு மெமரி வாங்கிட்டு வந்திருக்கேன், பழைய போர்டுலயே பழைய பிராசசரை மாட்டுங்க, மாப்பிள்ளை, அவகிட்ட நான் மூச்சு விடலை, ஆனா அந்தப் பூதக்கண்ணாடி விஷயத்தை நாளைக்குத் தேர்வு முடிஞ்சதும் பேசிக்கலாம்.”