விளக்கு வைத்த சைக்கிள்

பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துபவருக்கு உயிரே அந்தச் சைக்கிள்தான். மாலை ஐந்தரைக்கு ஏறி மிதித்தால் ஊர்க்கோடியில் உள்ள சதுரங்க மன்றத்தில்தான் இறங்குவார். அதற்கு ஆபத்து வந்தது. அவர் மனைவிக்கு மாலைநேரத் தையல் வகுப்பு எடுக்கும் வேலை கிடைத்துவிட்டது.

"சைக்கிளை நான் எடுத்துக்கறேங்க."

"தாராளமா எடுத்துக்கோ. திரும்பறப்ப இருட்டிடுமே, அதுல விளக்கு இல்லையே."

"நீங்க தினம் இருட்டுலதானே வர்றீங்க?"

"எனக்குப் பழகின ரோடு."

அவள் வாதாடவில்லை. "டைனமோ வச்சா சக்கரம் சுத்தறப்பவே விளக்கு எரியுமாம். ஆனா அதெல்லாம் உங்களால ஆகற காரியமா?" என்றாள், பரிதாபமாக.

அங்கேதான் மனிதர் விழுந்தார். "என்னால ஆகாதா? ஞாயித்துக்கிழமை பாரு."

செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா? சனிக்கிழமை சைக்கிளுக்குப் பச்சை பெயிண்ட் இரண்டு கோட் அடித்தார். ஞாயிறன்று டைனமோவைப் பின்சக்கரத்தோடு பொருத்தினார். அதிலிருந்து முன்விளக்குக்கு ஒரே ஒரு ஒயர். மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தி, சைக்கிளைத் தூக்கிப் பிடித்துப் பெடலைச் சுற்றினார். டைனமோ உறுமியது. விளக்கு கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது. வேர்க்க விறுவிறுக்கச் சுற்றினார். சதுரங்கம் அடியோடு மறந்துபோயிற்று. அவள் கண்ணெதிரே ஒரே ஒரு தடவை எரிந்தால் போதும் என்றிருந்தது.

அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள்.

"ஒரு ஒயர்தானே போகுது. கரண்ட் எது வழியா திரும்பி வரும்?"

"பிரேம் வழியா. இரும்புதானே."

"இரும்பு எங்கேங்க தெரியுது? பெயிண்ட்தான் தெரியுது."

டைனமோவையும் விளக்கையும் திருகியிருந்த இடங்களில் திருகைத் தளர்த்தி, கத்தரி முனையால் பெயிண்ட்டைச் சுரண்டினாள். மறுபடி முடுக்கினாள். "தையல் மிஷின்ல பாபின் சுத்தறதும் இப்படித்தான். சக்கரத்தோட நல்லா உரசணும்" என்று டைனமோவை டயரோடு நெருக்கிவிட்டாள்.

"இப்போ சுத்துங்க."

சுவரில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. இருபது வருஷமாக அவர் ஊரார் பிழையைத் திருத்துகிறார். அவர் பிழையை இவள் இரண்டு நிமிஷத்தில் திருத்திவிட்டாள். இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்தாளே என்று பெருமையாகத்தான் இருந்தது.

"பெயிண்ட் அடிச்சா எரியாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சைக்கிள் கடைக்காரர் போன மாசமே சொன்னார்."

"அப்போ நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பெயிண்ட் அடிச்சிருக்க மாட்டீங்களே. இப்போ எவ்வளவு அழகா இருக்கு, பாருங்க."

மறுநாள் சைக்கிள் வகுப்புக்குப் போயிற்று. அவர் மன்றத்துக்கு நடந்து போய், பாதி ஆட்டத்தில் எழுந்து, நடந்தே திரும்பினார். அவள் முகமெல்லாம் மலர்ச்சி.

"வகுப்புல எல்லாரும் விளக்கைப் பார்த்து அசந்துட்டாங்க. எல்லாம் என் வீட்டுக்காரர் கைவேலைன்னு சொன்னேன்."

அவருக்குக் கால்வலி பறந்துபோயிற்று. "அப்படியா? என்ன சொன்னாங்க?"

"பதினோரு பேரும் ஞாயித்துக்கிழமை சைக்கிளோட வர்றாங்க."