சீனத் தாளில் வந்த கண்டம்

கப்பலில் வந்த சரக்கென்றால் காரைக்குடிக்கு மறுபேச்சே கிடையாது. பீங்கான் வந்தது, கண்ணாடி வந்தது, தேக்கு வந்தது. அறுபத்தெட்டில் எதிர்காலமே வந்து இறங்கியது!

கொண்டுவந்தவர் பினாங்கு முத்தப்பன். கையில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசு மூன்று, சீன எழுத்தில் ஒரு புத்தகம். காசை ஆறு தடவை உருட்டுவார், ஆறு கோடு கிழிப்பார், புத்தகத்தைப் புரட்டிப் பலன் சொல்வார். அடேயப்பா, என்ன கூட்டம்! ஒக்கூரிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். அரியக்குடி ஆசைத்தம்பி, தன் எருமை சினையா என்று கேட்க வந்திருந்தார். எருமையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அதைத்தான் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

தச்சர் சுந்தரம் மகள் ராமுத்தாயோடு வந்தார். அவளுக்கு மதுரையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை போச்சு.

முத்தப்பன் உருட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"மேற்க போனா பொண்ணுக்குக் கண்டம். ஒரு மண்டலம் பரிகாரம் பண்ணணும். அதுவரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது."

சுந்தரத்துக்கு முகமே செத்துப்போனது. ராமுத்தாய் இதை எதிர்பார்த்தே வந்திருந்தாள். கிழித்த பாதித் தாள் ஒன்றை நீட்டினாள்.

"ஐயா, இதுவும் சீன எழுத்துதான். என்ன போட்டிருக்குன்னு சொல்லுறீகளா?"

முத்தப்பன் கண்ணை மூடித் திறந்தார். "அடடா! இதுலயும் உனக்குத்தான் வந்திருக்கு. ரயில் கண்டம், தண்ணிக் கண்டம், ரெண்டும்!"

"நல்லாப் பாத்துட்டீகளா?"

"சீனத்து எழுத்து பொய் சொல்லுமா தாயி?"

அவள் இன்னொரு பாதித் தாளை எடுத்து ஒட்டவைத்துக் காட்டினாள். கிழிசலோடு கிழிசல் பொருந்தியது. இந்தப் பாதி தமிழ். உரக்கப் படித்தாள்: "தலைவலிக்கு நெற்றியில் தடவவும். கண்ணில் படக் கூடாது."

"எங்க வீட்டுத் தைல டப்பாவுல வந்த தாளுங்க. அங்குட்டுச் சீனம், இங்குட்டுத் தமிழ், ஒரே சேதி. கண்டம் எந்த வரியில இருக்குன்னு காட்டுங்க!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முத்தப்பன் செருப்பையும் காசையும் விட்டுவிட்டுத் தேவகோட்டை பஸ்ஸைப் பிடித்தார்.

சுந்தரம் மட்டும் சிரிக்கவில்லை. மகள் கேட்டாள்: "அப்பா, காசு உருண்டப்ப மனசுக்குள்ள என்ன வேண்டுனீக?"

"நீ போகணும்னுதான் ஆத்தா." அவர் கண் கலங்கியது.

"பதில நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு இந்த ஆளுகிட்டயா கேட்டீக?"

சீனாவிலும் விவரம் தெரிந்தவர்கள் காசை உருட்டிவிட்டுத் தங்கள் மனசைத்தான் கேட்டுக்கொள்வார்களாம். நம் ஊருக்கு வரும்போது அந்தப் பகுதி மட்டும் கப்பலிலேயே தங்கிவிட்டது போலும்!

திங்கட்கிழமை மகளை மதுரை பஸ் ஏற்றிவிட்டார் சுந்தரம். பஸ் நகரும்போது ஆசைத்தம்பி ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்.

"ஏந்தாயி, அந்தத் தைலத் தாள்ல எருமையப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?"

காசில் ஓட்டை இருக்கலாம் ஐயா, மண்டையில் இருக்கலாமா?