ஒரு குடத்துக்கு இரண்டு வேலை

ஒரு குடம் தண்ணீர் இனி ஒரே ஒரு வேலையோடு ஓய்ந்துவிடக் கூடாது என்று பஞ்சாயத்துத் தலைவர் சோலையப்பன் முடிவு செய்தார். பஞ்சாயத்து யூனியன் வந்த புதிது. மழை பொய்த்து இரண்டாம் வருஷம். பாத்திரம் கழுவினாலும் துணி அலசினாலும் அந்தத் தண்ணீர் அடுத்தபடி ஒரு செடிக்குப் போயாக வேண்டும். வெறும் செடிக்கென்று கிணற்றில் இறைத்தால் அபராதம். தீர்மானம் நிறைவேறி, கறம்பக்குடிச் சந்தைக்குப் போகிறவர்கள் நின்று கேட்கும்படி தமுக்கும் அடித்தாயிற்று.

நல்ல தீர்மானம்தான். சிக்கல், அவர் வீட்டுக் கொல்லையில் நின்ற பத்துத் தென்னம்பிள்ளைகள். தீர்மானத்தால் பிழைத்த கன்றுகள் என்று யூனியன் ஆபீஸ் அதிகாரிக்குக் காட்ட வேண்டியவை. தீர்மானம் வந்த சில நாளிலேயே தண்ணீர் காணாமல் ஓலை மஞ்சளாகப் பழுக்க ஆரம்பித்தன.

மனைவி செங்கமலத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் எதையும் ஒளிக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீர் எப்போதும் மாட்டுக்கு. பாத்திரம் கழுவியது ஒரு கன்றுக்கே போதவில்லை.

"ஒங்க சட்டத்துல குத்தமில்லைங்க. தண்ணிதான் சட்டத்துக்குள்ள வரமாட்டேங்குது" என்றாள்.

அவளுக்கு வேறு கவலை. ஊர்ப் பெண்கள் குளிப்பது கண்மாயில். அந்தக் கோடையில் மதகடியில், கரையை ஒட்டி, முழங்காலளவு தண்ணீர்தான் மிஞ்சியிருந்தது. கரைமேல் புதிதாக விட்ட பஸ் சரியாக அங்கேதான் நிற்கும். கண்டக்டர் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு என்ஜினுக்குத் தண்ணீர் எடுக்க இறங்குவார். பஸ் முழுக்க ஜன்னல். ஜன்னல் முழுக்க முகம். பெண்கள் முழங்கால் தண்ணீரைக் கழுத்தளவாக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். சோலையப்பனின் தங்கை அழகம்மாள் ஒருநாள் அழுதுகொண்டே வீடு வந்தாள். கொல்லையில் நாலு சுவர் எழுப்பித் தரச் சொல்லி செங்கமலம் தை மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கண்மாய் இருக்கக் குளிக்க ஒரு அறையா, இதென்ன சினிமாக்காரர் பங்களாவா என்று அவர் கேட்டிருந்தார்.

ஆகவே இப்போது அவள் அறையைப் பற்றிப் பேசவில்லை. சந்தேகம் மட்டும் கேட்டாள்.

"நானும் ஒங்க தங்கச்சியும் கம்மாயில குளிக்கிற தண்ணி தீர்மானத்துல சேருமா, சேராதாங்க?"

"அது எப்பிடிச் சேரும்? கம்மாயிலயே கெடக்கு."

"அதுவும் சரிதான். கெடக்கட்டும்." அவள் மாட்டைக் கட்டப் போய்விட்டாள்.

சோலையப்பன் கன்றுகளைப் பார்த்தார். கண்மாய் இருக்கும் திக்கைப் பார்த்தார். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து, தமக்குப் பெரிய யோசனை ஒன்று உதித்திருப்பதாக அறிவித்தார். வீட்டுப் பெண்கள் இனிக் கொல்லையிலேயே குளிக்க வேண்டும். குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே கன்றுக்குப் போகும்.

செங்கமலம் பதறினாள். சுவருக்குள் குளித்தால் மூச்சு முட்டும் என்றாள். ஊர் சிரிக்கும் என்றாள். மறுக்க மறுக்க அவர் பிடிவாதம் ஏறியது. தலைவர் உத்தரவென்றால் என்ன செய்வது, மேலே நாலு கீற்றாவது போடுவீர்களா என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஓடே போடுகிறேன் என்றார். கதவு என்று இழுத்தாள். தேக்கிலேயே வைக்கிறேன் என்றார்.

அதிகாரி வந்தபோது அறை எழும்பியிருந்தது, கன்றுகள் கரும்பச்சையாக நின்றன. யாருடைய யோசனை என்று கேட்டார்.

"எல்லாம் இவுகளோடதுதாங்க" என்றாள் செங்கமலம், தலையைக் குனிந்துகொண்டு.

அந்தக் குனிவில்தான் சோலையப்பனுக்கு விளங்கியது. கோபம் வரவில்லை. ஏழு உறுப்பினர்களை வைத்து ஒரு தீர்மானம் நிறைவேற்ற அவருக்கு மூன்று கூட்டம் பிடித்தது. இவள் ஒரே கேள்வியில் நிறைவேற்றியிருக்கிறாள். இவளைத் தலைவராகப் போட்டிருந்தால் மழையே பெய்திருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் காலை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தமது குளியலறைக்குப் போனார். உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே பக்கத்து வீட்டு ராக்காயி முதல் தெருக்கோடிச் செவந்தி வரை, ஆளுக்கொரு குடத்தோடு வரிசை. பத்துக் கன்றுக்கு இரண்டு பேர் குளித்தால் காணாதே என்று செங்கமலம்தான் கூப்பிட்டிருந்தாளாம்.

"அப்ப நான் எங்கிட்டுக் குளிக்கிறது?"

செங்கமலம் மண்வெட்டியால் வாய்க்காலை அடுத்த கன்றுக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீங்க கம்மாய்க்கே போயிட்டு வாங்க. ஒங்கள யாரு பாக்கப் போறா?"