கேரியர் மாமி ஏறிய மலை

திருவனந்தபுரத்தில் கேரியர் மாமியிடம் 'முடியாது' என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் வீடு போய்ச் சேர்ந்தவர் ஒருவரும் கிடையாது. பஸ் டிரைவர், டிராபிக் போலீஸ், எங்கள் சைக்கிள் குழுவின் கேப்டன் என்று எல்லோருமே வாங்கிக்கொண்டவர்கள்தான். பொன்முடி மலை மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்துப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்தே கணக்கெழுதிய குடும்பம் எங்களுடையது. அத்தனை பேர் உட்கார்ந்ததன் பலனும் என் வயிற்றில் வந்து சேர்ந்திருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், நீச்சலா சைக்கிளா என்று கேட்டார். தண்ணீர் என்றால் பயம். அதனால் சைக்கிள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தருகே கூடுவோம். உடம்போடு ஒட்டிய கறுப்புக் கால்சட்டையும் ஹெல்மெட்டுமாக நாங்கள் நிற்பதைப் பார்த்து, பத்மநாபனைச் சேவிக்கப் போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நியாயம்தான். அந்தக் கோலத்தில் என்னை நானே கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் செய்யத் தோன்றியது.

கேப்டன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்யும் மலையாளி இளைஞர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர். எடைதான் அவருக்குப் பரம வைரி. ஒவ்வொரு சைக்கிளையும் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, இதைக் கழற்றுங்கள், அதைக் கழற்றுங்கள் என்பார். விட்டால் ஓட்டுகிறவனிடமிருந்தும் எதையாவது கழற்றியிருப்பார்.

அப்படிப்பட்டவர் முன்னால்தான் ஒரு காலையில் மாமி வந்து இறங்கினார். வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, ரிட்டயராகக் கொஞ்ச காலம்தான் பாக்கி. சுடிதார், கான்வாஸ் ஷூ, நெற்றியில் கீற்றாக விபூதி. சைக்கிளோ கியர் இல்லாத பழைய லேடீஸ் சைக்கிள். ஸ்டாண்ட், மட்கார்டு, முன்னால் கூடை, காது கிழிக்கும் பெல், பின்னால் ஒரு ஆளே உட்காரக்கூடிய இரும்புக் கேரியர். அந்தக் கேரியரில் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிய டிபன் கேரியர். பெயரைக் கேட்டதற்கு, மாமி என்று கூப்பிட்டால் போதும் என்றார். குழுவில் அவர் கேரியர் மாமி ஆனது அந்த நிமிஷமே நடந்துவிட்டது.

கேப்டன் அந்தச் சைக்கிளை இரண்டு விரலால் தூக்கப் போனார். பிறகு இரண்டு கையால் முயன்றார். பிறகு, பணிவாகத்தான், முதலில் மட்கார்டையாவது கழற்றிவிடலாமே என்றார்.

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வருஷம் பூரா மழை பெய்யற ஊராக்கும் இது. இங்கே மட்கார்டைக் கழட்டறவன் ஒண்ணு வெளியூர்க்காரனா இருக்கணும். இல்லேன்னா அவன் துணியை வேற யாராவது தோய்க்கணும். நீ எது?"

மறுவாரம் கேப்டனுடைய சைக்கிளில் மட்கார்டு இருந்தது.

பேரூர்க்கடை சிக்னலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு விளக்கு எரிய, எங்கள் பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது. நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். மாமி சைக்கிளை நடுரோட்டில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, டிரைவரின் ஜன்னலடிக்குப் போய், ஹார்ன் அடித்தால் சிவப்பு பயந்துபோய்ப் பச்சையாகிவிடுமா என்று மலையாளத்தில் விசாரித்தார். விளையாட்டாக இல்லை, பதில் வேண்டும் என்று. அதற்குள் பச்சை விழுந்தது. மறுபடி சிவப்பும் விழுந்தது. மாமி நகரவில்லை. கடைசியில் டிரைவர், ஆகாது அம்மா என்று இரண்டு கையையும் கூப்பி ஒப்புக்கொண்ட பிறகுதான் சைக்கிளை எடுத்தார். பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பேர் ரயிலுக்கு லேட்டானவர்கள்.

இப்படியிருக்க, பொன்முடி ரைடு அறிவிப்பு வந்தது. காலையில் கிளம்பி, நெடுமங்காடு, விதுரை வழியாகக் கல்லாறு. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள் மலையுச்சி வரைக்கும். ஏற முடியாதவர்களை அள்ளிக்கொள்ளப் பின்னால் ஒரு வேன் வரும். பாதுகாப்பு கருதி இந்த முறை கியர் சைக்கிளுக்கு மட்டும் அனுமதி என்று கேப்டன் வாட்ஸ்ஆப்பில் போட்டார். யாரை நினைத்துப் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

உடனே மாமியின் பதில் வந்தது. பொன்முடிக்கு ரோடு போட்டது குரூப்பா, சர்க்காரா? கேப்டன் நீண்ட நேரம் டைப் செய்துகொண்டிருப்பதாகப் போன் காட்டியது. ஒன்றும் வரவில்லை. மாமியே தொடர்ந்தார். நீங்கள் உங்கள் ரைடுக்கு வாருங்கள், நான் என் ரைடுக்கு வருகிறேன்.

அன்று கிழக்கேகோட்டையில் மாமியைக் காணோம். கேப்டன் முகத்தில் ஒரு நிம்மதி. நாக்குத் தள்ளக் கல்லாறு போய்ச் சேர்ந்தபோது, டீக்கடைப் பக்கத்தில் ஒரு பாறைமேல் டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு மாமி உட்கார்ந்திருந்தார். கோயில் நடை திறப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டாராம். ஆளுக்கு இரண்டு மிளகாய்ப்பொடி இட்லியை நீட்டினார். கேப்டன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். வாசனை அவரைத் தோற்கடித்தது. இட்லியைத் தின்ற பிறகு ஒரு மனுஷியை எப்படித் திருப்பி அனுப்புவது? அன்று கடைசியில் வருகிறவர்களுக்குத் துணையாக வரவேண்டிய முறை கேப்டனுடையது. கடைசி இருவர் நானும் மாமியும்.

ஏற்றம் தொடங்கியதும் மற்றவர்கள் மறைந்துபோனார்கள். காலி டிபன் கேரியரை முன்கூடையில் போட்டிருந்த மாமி இறங்கித் தள்ள ஆரம்பித்தார். தள்ளுவதைச் சைக்கிளிங் என்று சொல்ல முடியாது மாமி, வேன் வரட்டும் என்றார் கேப்டன்.

"கல்லாறு வரைக்கும் அது என்னைச் சுமந்துண்டு வந்தது. கொஞ்சம் நான் அதைத் தள்ளினா என் கௌரவம் கொறைஞ்சு போயிடுமா?" என்றபடி மாமி தள்ளிக்கொண்டே போனார். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ரோடு கொஞ்சம் அகன்று சமமாகும் இடம் வந்ததும், ஏறி உட்கார்ந்து, பெல்லை அடித்துக்கொண்டு, அரைவட்டம் ராணி மாதிரி சுற்றிவிட்டு, மறுபடி இறங்கித் தள்ளுவார். எனக்கு இதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நானும் தள்ளினேன். என் சைக்கிளின் பெருமைக்குரிய கியர்கள் எல்லாம் சும்மா கூட வந்தன.

நாலைந்து வளைவு ஏறியிருப்போம். கீழேயிருந்து ஒரு ஆட்டோ முக்கி முனகி வந்தது. நிற்பதற்கு முன்பே அதிலிருந்து எட்டுமுழ வேட்டியில் ஒரு பெரியவர் குதித்தார். மாமியின் அண்ணா. ஒரே வீட்டில் இருப்பவர்கள்தான். தங்கை விடியற்காலையில் சைக்கிளோடு பொன்முடிக்குக் கிளம்பிப் போனதைப் பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்துகொண்டு, வலியசாலையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார்.

"ஏறு வண்டியிலே. ஆத்துக்குப் போலாம்."

"நான் வண்டியிலேதானே வந்திருக்கேன்," என்றார் மாமி.

அண்ணா எங்கள் பக்கம் திரும்பினார். போன வருஷம் தங்கை ஆபீஸில் மயங்கி விழுந்ததையும், ஆஸ்பத்திரியில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததையும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தான் தனியாக உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். கோபமாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் தேய்ந்துவிட்டது. குழுவில் யாருக்கும் இது தெரியாது. கேப்டனின் முகம் வெளுத்தது.

"மாமி, இனி மேலே வேண்டா. ஆட்டோவில் கேறுங்கோ, ப்ளீஸ்," என்றார்.

ஆட்டோ டிரைவர் சைக்கிளைத் தூக்க வந்தார். மாமி ஸ்டாண்டைப் போட்டு, கேரியரின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். இனி தூக்குவதென்றால் அவரையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். வழக்கம்போல ஒரு போடு போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அண்ணாவை மட்டும் பார்த்து, தணிந்த குரலில் பேசினார்.

"போன மாசம் டாக்டர் என்ன சொன்னார்? டெஸ்டெல்லாம் சரியா இருக்கு, சைக்கிள் விடலாம், மூச்சு வாங்கினா எறங்கி நடன்னார். நீயும்தானே பக்கத்துலே நின்னே. நான் ஆத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு அண்ணா. நீதான் இன்னும் அந்த நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்கலே."

அண்ணா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இந்த மலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லே. அங்கே படுத்துண்டிருந்தப்போ நர்ஸ், டாக்டர், நீ, எல்லாரும் மெதுவா, மெதுவான்னேள். மெதுவாவே எவ்வளவு தூரம் போலாம்னு பாக்கணும்னு தோணித்து."

அண்ணா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். சைக்கிளுக்குப் பின்னால் போய், தங்கையை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தள்ளு."

இருவரும் ஏறத் தொடங்கினார்கள். தான் இப்போது என்ன செய்யவேண்டும் என்று டிரைவர் கேட்டார். மலையையும் இருதயத்தையும் நம்ப முடியாது, பின்னாலேயே வரட்டும் என்றார் கேப்டன். அந்த நேரம் பார்த்து என் இன்னொரு காலும் பிடித்துக்கொண்டது. அப்புறம் நடந்ததை என் மனைவியிடம்கூட இதுவரை சொல்லவில்லை. வேனைக் காணோம்; நான் ஆட்டோவில் ஏறினேன். என் சைக்கிளின் முன்சக்கரம் ஒருபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அந்த இருவர் பின்னால் நடைவேகத்தில் ஊர்ந்தோம். டிரைவர் கண்ணாடியில் என் கால்சட்டையைப் பார்த்து, இதுவும் எக்ஸர்சைஸ்தானோ சாரே என்று கேட்டார்.

ஆட்டோவிலிருந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூச்சு வாங்கியபோதெல்லாம் இருவரும் நின்றார்கள். எதற்காகவோ சண்டை போட்டார்கள். மறுபடி தள்ளினார்கள். வளைவு வந்ததும் மாமி ஏறிப் பெல் அடிப்பார். அண்ணா கேரியரை விடாமல் கூடவே தொங்கோட்டம் ஓடுவார். சின்ன வயதில் மாமிக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது யார் என்று நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உச்சியில் எங்கள் குழு எப்போதோ வந்து, போட்டோக்கள் எடுத்து முடித்திருந்தது. மாமி வந்து சேர்ந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. அண்ணாவைப் புல்மேட்டில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இந்த வயதில் ஏன் இப்படி ஓடவேண்டும் என்று திட்டினார். திட்டு முடிவதற்குள் அண்ணா சாய்ந்து தூங்கிவிட்டார்.

மூடுபனி இறங்க ஆரம்பித்தது. வழி மறைவதற்குள் எல்லோரும் கீழே இறங்கியாக வேண்டும் என்று சொல்லக் கேப்டன் மாமியிடம் போனார். மாமி உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"கொஞ்சம் தூங்கட்டும்டா. ஒரு வருஷமா தூங்கலே அவன்."

கேப்டன் திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். மாமியை எதிர்த்துச் சொல்ல எங்களிடம் நல்ல காரணங்கள் இருந்தன. ஒருவருக்கும் அவற்றைச் சொல்ல மனம் வரவில்லை. மூடுபனிக்குள் அவர்கள் இருவரும் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தவரை, நாங்கள் அப்படியே காத்திருந்தோம்.